தண்ணீர்ப் பேரேடு

மேசாணா மாவட்டத்து உஞ்சா மார்க்கெட் யார்டுக்குப் போய்ச் சீரகமும் இசப்கோலும் கொள்முதல் செய்வது என் தொழில். முப்பது ஆண்டாக எனக்குச் சரக்குக் கொண்டுவரும் பட்டேல் விவசாயி ஒருவர், சென்ற பருவத்தில் கணக்கு முடித்து டீ குடிக்கும்போது திடீரென்று கேட்டார்: "ஷேட், நீங்க படிக்கிற ஆள். உங்க தர்மப்படி சொல்லுங்க, தண்ணியை வித்தது பாவமா?"

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவருடைய தகப்பனார் காலத்தில் நூறு அடிக் கிணற்றில் கமலை ஓடியது. இவர் காலத்தில் பத்துப் பேர் பங்கு போட்டு அறுநூறு அடிக்கு ஆழ்துளைக் கிணறு இறக்கினார்கள். பிறகு ஆயிரம் அடி. தங்கள் வயலுக்குப் போக மிச்சமானதை, கிணறு வெட்ட வசதியில்லாத சிறு விவசாயிகளுக்கு மணிக்கணக்கில் விற்றார்கள். கடைசியில் அந்தக் கிணறும் தண்ணீருக்குப் பதில் காற்றைத் தள்ளியது. பங்காளிகள் ஆளுக்கொரு திசையானார்கள். அவர்களிடம் தண்ணீர் வாங்கிப் பயிரிட்ட நாலைந்து குடும்பங்கள் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுச் சூரத்துக்கு வேலைக்குப் போய்விட்டன. அது அவருக்கு உறுத்தல்.

நான் அன்றைக்கு ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது இதையே எழுதலாம் என்று தோன்றியது. தண்ணீரை விற்பது உலகத்தில் புதிதல்ல. அதற்குச் சந்தையும் இருந்திருக்கிறது, வங்கியும் இருந்திருக்கிறது. அந்தக் கணக்குகளை வியாபாரி கண்ணோடு புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரை.

விற்காத ஊரும் விற்ற ஊரும்

ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கரையில் வலென்சியா, அலிகாந்தே என்று இரண்டு ஊர்கள். இரண்டும் மழை குறைந்த பகுதிகள். இரண்டிலும் பல நூற்றாண்டுகளாக வாய்க்கால் பாசனம் உண்டு. ஆனால் வழக்கம் நேர் எதிர்.

வலென்சியாவில் தண்ணீர் நிலத்தோடு கட்டப்பட்டது. நிலம் கைமாறினால் தண்ணீரும் சேர்ந்தே போகும். தண்ணீரை மட்டும் பிரித்து விற்க முடியாது. பஞ்ச காலத்தில் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறையும். தகராறு வந்தால் வியாழக்கிழமை நண்பகலில் பெரிய தேவாலயத்தின் வாசலில் எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்து, வக்கீல் இல்லாமல், வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். இந்த நீர் மன்றம் இன்றும் கூடுகிறது. 2009-இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது.

அலிகாந்தேயில் 1594-இல் திபி அணை கட்டி முடிந்தது. அங்கே தண்ணீர்ப் பங்கு நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டது. முறை வரும்போது பங்குக்காரருக்கு இத்தனை மணி, இத்தனை நிமிடம் என்று சீட்டு கிடைக்கும். தனக்கு வேண்டாதவர் சீட்டை விற்கலாம், வேண்டியவர் வாங்கலாம். நிலமே இல்லாதவர் கையிலும் தண்ணீர்ப் பங்கு இருந்ததுண்டு.

இந்த இரண்டில் எது சரி? இரண்டு ஏற்பாடுகளும் நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்தன. அதனால் விற்றார்களா விற்கவில்லையா என்பதில் அவ்வளவு சூட்சுமம் இல்லை என்று எனக்குப் படுகிறது. வாய்க்காலில் எவ்வளவு வருகிறது என்பது இரண்டு ஊரிலும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. யார் பங்கு எவ்வளவு என்பது எழுத்தில் இருந்தது. மீறினால் கேட்க ஆள் இருந்தது. அளவு, பேரேடு, கணக்கப்பிள்ளை ஆகிய இந்த மூன்றும் இருந்த இடத்தில் சந்தையும் நடந்தது, சந்தையில்லாத பங்கீடும் நடந்தது.

ஓவன்ஸ் பள்ளத்தாக்கு

மூன்றும் இல்லாமல் விற்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு பாடம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வேகமாக வளர்ந்த காலம் அது. 1905 முதல் நகரத்தின் ஆட்கள் வடக்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் நிலத்தையும் அதோடு சேர்ந்த நீர் உரிமையையும் வாங்கத் தொடங்கினார்கள். வில்லியம் முல்ஹாலண்ட் என்ற பொறியாளர் 375 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வெட்டி, 1913 நவம்பரில் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவந்தார்.

முதலில் ஆற்று நீர் போனது. பிறகு நகரம் மேலும் மேலும் பண்ணைகளை வாங்கியது. 1924-இல் பள்ளத்தாக்கு மக்கள் கால்வாயை வெடிவைத்துத் தகர்க்கும் அளவுக்குப் போனார்கள். 1920-களின் நடுவில் ஓவன்ஸ் ஏரி வறண்டது. வறண்ட ஏரிப் படுகையிலிருந்து எழுந்த உப்புப் புழுதி பல பத்தாண்டுகள் சுற்று வட்டார மக்களின் நெஞ்சை அடைத்தது. அந்தப் புழுதியை அடக்க லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் பிற்காலத்தில் நூறு கோடி டாலருக்கு மேல் செலவழிக்க நேர்ந்தது.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். நிலத்தை விற்ற விவசாயிகளுக்குப் பணம் கிடைக்காமல் போகவில்லை. விவசாயம் செய்து வரக்கூடியதைவிட நல்ல விலையே கிடைத்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆக விற்றவருக்கும் வாங்கியவருக்கும் லாபம்தான். அப்படியானால் நஷ்டம் யாருக்கு? பள்ளத்தாக்கில் கடை வைத்திருந்தவருக்கு, கூலிக்குப் போனவருக்கு, புழுதியைச் சுவாசித்தவருக்கு. அவர்கள் யாரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. இந்த மூன்றாவது ஆளை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இனி வரும் கதையிலும் அவர் வருவார்.

1991: அரசு தொடங்கிய வங்கி

அதே கலிபோர்னியாவில் 1987 முதல் தொடர்ந்து மழை பொய்த்தது. 1991 தொடக்கத்தில் நிலைமை முற்றிவிட்டது. மாநில நீர்த்திட்டம் விவசாயத்துக்குக் கொடுக்கும் தண்ணீரை முழுக்க நிறுத்தியது. அந்தப் பிப்ரவரியில், ஆளுநர் பீட் வில்சன் காலத்தில், மாநில நீர்வளத் துறை 'வறட்சித் தண்ணீர் வங்கி' ஒன்றைத் தொடங்கியது.

பெயர்தான் வங்கி. நம் பாஷையில் சொன்னால் அரசே தரகு மண்டி வைத்தது. வடக்கே தண்ணீர் உள்ள விவசாயிகளிடம் அரசு கொள்முதல் செய்யும். தெற்கே தண்ணீர் இல்லாத நகரங்களுக்கும், பட்டுப்போகும் நிலையில் பழமரம் வைத்திருப்பவர்களுக்கும் விற்கும். கொள்முதல் விலை ஓர் ஏக்கர் அடிக்கு 125 டாலர். விற்பனை விலை 175 டாலர். கொண்டுபோகும் செலவு தனி. ஏக்கர் அடி என்பது ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீர். லிட்டர் கணக்கில் 12 லட்சத்து 33 ஆயிரம். நம் அடுக்ககத்துக்கு வருகிற பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் நூறு லாரிக்குக் கொஞ்சம் கூடுதல்.

சில வாரங்களிலேயே 351 ஒப்பந்தங்கள் ஆயின. ஏறத்தாழ 8 லட்சத்து 20 ஆயிரம் ஏக்கர் அடி கொள்முதலானது. இதில் பாதி, அந்த ஆண்டு பயிர் வைக்காமல் நிலத்தைத் தரிசாக விட்டவர்களிடமிருந்து வந்தது. அப்படித் தரிசான நிலம் ஒரு லட்சத்து 60 ஆயிரம் ஏக்கருக்கு மேல். மூன்றில் ஒரு பங்கு, வாய்க்கால் தண்ணீரை வங்கிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தாங்கள் கிணற்றிலிருந்து இறைத்துக்கொண்டவர்களிடமிருந்து. மீதி அணைகளில் சேமித்து வைத்திருந்தவர்களிடமிருந்து.

இதில் நான் ரசித்த சங்கதி, சரக்கை எப்படி எடை போட்டார்கள் என்பதுதான். வயலுக்குப் பாயும் தண்ணீர் முழுவதையும் விவசாயி விற்க முடியாது. பயிர் குடித்து ஆவியாகும் அளவு மட்டும்தான் நிஜமான மிச்சம். கசிந்து மறுபடி ஆற்றுக்கோ நிலத்தடிக்கோ போவது கீழே இருப்பவனுடைய பங்கு. அதையும் சேர்த்து விற்றால் அடுத்தவன் மூட்டையைத் தன் மூட்டையாகக் காட்டுவது போல ஆகும். ஆகவே எந்தப் பயிரைக் கைவிட்டால் எவ்வளவு மிச்சம் என்று பயிர்வாரியாகக் கணக்கு வைத்தார்கள்.

சேதாரமும் உண்டு. வடக்கிலிருந்து தெற்கே வரும் தண்ணீர் சாக்ரமென்டோ, சான் வாகீன் ஆறுகள் கடலோடு சேரும் கழிமுகத்தைத் தாண்ட வேண்டும். கடல் உப்பு உள்ளே ஏறாமல் இருக்க ஒரு பங்கு தண்ணீரைக் கடலுக்கு விட்டாக வேண்டும். இந்த வகையில் ஒரு லட்சத்து 65 ஆயிரம் ஏக்கர் அடி அளவுக்குக் கழிந்தது. விற்பனையானது சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம். மீதி சுமார் 2 லட்சத்து 65 ஆயிரம் அடுத்த ஆண்டுக்கு இருப்பாக நின்றது.

இவ்வளவு இருப்பு நிற்கக் காரணம், அந்த மார்ச் மாதம் யாரும் எதிர்பாராத பெருமழை பெய்ததுதான். கொள்முதல் ஒப்பந்தம் போட்ட பிறகு வாங்குபவர்களின் தேவை குறைந்துவிட்டது. எந்த மண்டிக்காரனுக்கும் வரும் கஷ்டம்தான் அரசுக்கும் வந்தது. 1992-இல் மறுபடி வங்கி நடத்தியபோது கற்றுக்கொண்டார்கள். தரிசு போடச் சொல்லி வாங்கவில்லை. கொள்முதல் 50 டாலர், விற்பனை 72 டாலர். வாங்குபவர் இருக்கும் அளவுக்கே வாங்கினார்கள்.

மூன்றாவது ஆள் மறுபடி வருகிறார்

வெளியில் பார்த்தால் நல்ல வெற்றி. நகரங்கள் தப்பின, பழமரங்கள் பிழைத்தன, விற்ற விவசாயிக்குப் பயிரிடாமலே பணம் வந்தது. ஆனால் நிலத்தைத் தரிசு போட்டால் களையெடுக்கும் கூலிக்காரருக்கு என்ன வேலை? விதை விற்கிறவர், டிராக்டர் ஓட்டுகிறவர், தானியம் உலர்த்துகிறவர் இவர்களுக்கு என்ன வரவு? யோலோ என்ற மாவட்டம் இதை வெளிப்படையாகவே கேட்டது. வேலையிழந்தவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் பொறுப்பு மாவட்டத்தின் தலையில்தானே விழுகிறது! ஆய்வாளர்கள் பார்த்தபோது மொத்தப் பொருளாதாரத்தில் பாதிப்புச் சிறியது என்றே வந்தது. மொத்தத்தில் சிறியதுதான். ஆனால் யார் வீட்டில் விழுந்ததோ அவருக்கு அது சிறியதல்லவே.

கிணற்று விஷயம் இன்னும் சிக்கல். 1994-இல் வங்கிக்காக வாய்க்கால் நீரை விற்றுவிட்டுக் கிணற்றிலிருந்து இறைத்தபோது, பியூட் என்ற மாவட்டத்தில் பக்கத்துக் கிணறுகள் வறண்டன என்று மக்கள் கொதித்தார்கள். நிலத்துக்கு அடியில் வரப்பு கிடையாது. என் கிணற்றில் நான் இறைப்பதாக நினைக்கிறேன். உண்மையில் பக்கத்து வீட்டுக்காரர் சேமிப்பிலிருந்தும் சேர்த்து எடுக்கிறேன். 1996-இல் அம்மாவட்ட மக்கள் வாக்களித்து, நிலத்தடி நீரை வெளியே விற்பதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். கலிபோர்னியா மாநிலம் முழுவதற்குமான நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது 2014-இல்தான். வங்கி முதலில் வந்தது. கையிருப்பு எவ்வளவு என்ற கணக்கு 23 ஆண்டு கழித்து வந்தது. எந்த வட்டிக்கடைக்காரரும் இப்படித் தொழில் நடத்தமாட்டார்!

பூமிக்கு மகமை

உண்மையில் வங்கி என்ற பேருக்குப் பொருத்தமானது பக்கத்து மாநிலமான அரிசோனாவில் இருக்கிறது. 1996-இல் தொடங்கிய தண்ணீர் வங்கி ஆணையம் அது. கொலராடோ ஆற்றில் அரிசோனாவுக்கு உள்ள பங்கில், அந்த ஆண்டு பயன்படாமல் போகும் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்து, மணற்பாங்கான குளங்களில் விட்டு நிலத்துக்குள் இறக்குகிறார்கள். இறக்கிய அளவுக்கு 'நெடுங்காலச் சேமிப்பு வரவு' என்று பேரேட்டில் எழுதுவார்கள். பஞ்சம் வந்தால் அந்த வரவைக் காட்டித்தான் எடுக்க முடியும். 2021 ஆகஸ்டில் கொலராடோ ஆற்றுக்கு முதன்முதலாகப் பற்றாக்குறை அறிவித்து, 2022-க்கான அரிசோனாவின் பங்கை வெட்டியபோது, முன்கூட்டிச் சேமித்ததன் அருமை எல்லாருக்கும் புரிந்தது.

அந்தப் பேரேட்டில் ஒரு விதி என் மனத்தைத் தொட்டது. பொதுவாக நூறு பங்கு தண்ணீர் இறக்கினால் தொண்ணூற்றைந்துதான் வரவு. ஐந்து பங்கு நிலத்தடிக்கே சொந்தம். யாரும் திருப்பிக் கேட்க முடியாது. இதைப் படித்தபோது எனக்கு மகமை நினைவுக்கு வந்தது. நம் ஊர் மண்டிகளில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்துத்தானே சத்திரமும் பள்ளிக்கூடமும் கட்டினார்கள்? விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து, அந்த வியாபாரத்தில் இல்லாத மூன்றாவது ஆளுக்காக எடுத்து வைத்த பங்கு அது.

முதலைத் தொடாமல் வட்டியில் காரியம் செய்யும் புத்தியும் நம்மவர்க்குப் புதிதல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொது ஆண்டு 919, 921) ஏரி வாரியம் என்று தனிக் குழுவே இருந்ததைச் சொல்கின்றன. ஏரியில் தூர் எடுப்பதற்காகச் சபையிடம் பொன் கொடுத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் வேலை நடக்க வேண்டும் என்று நிபந்தம் வைத்த கல்வெட்டுகள் தமிழ்நாட்டில் பல. பொன்தான் முதல், தூர் எடுத்த ஏரியில் நிற்கும் தண்ணீர்தான் வட்டி.

மேசாணாவில் என்ன குறை?

இனி நம் பட்டேலிடம் வருவோம். வட குஜராத்தின் தண்ணீர்ச் சந்தையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் துஷார் ஷா. 1993-இல் வந்த அவருடைய நூல் இத்துறையில் பெயர் பெற்றது. பங்காளிகள் சேர்ந்து கிணறு இறக்குவது, மணிக்கணக்கில் விற்பது, விளைச்சலில் பங்கு வாங்கிக்கொண்டு தண்ணீர் விடுவது எல்லாம் இங்கே எந்த அரசும் சொல்லிக்கொடுக்காமல் மக்களே வளர்த்த வழக்கம். கிணறு இல்லாத ஏழைக்கு அதனால் நன்மை விளைந்தது என்பதும் நிஜம்.

ஆனால் பேரேட்டில் முதல் பக்கமே காலி. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தை ஒட்டி, நிலத்துக்காரர் தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரைத் தன் இஷ்டத்துக்கு எடுக்கலாம் என்பதே நடைமுறை. மின்சாரக் கட்டணமும் மோட்டாரின் குதிரைசக்திக்கு இவ்வளவு என்று ஒட்டுமொத்தமாக இருந்தபோது, கூடுதலாக ஒரு மணி நேரம் ஓட்டினால் கூடுதல் செலவே இல்லை. எவ்வளவு விற்கிறாரோ அவ்வளவும் லாபம். ஆக எல்லாரும் ஓட்டினார்கள். ஒரே பெட்டியிலிருந்து ஊரே கடன் எடுத்தது. பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் எண்ணவில்லை. நீர்மட்டம் மிக ஆழத்துக்கு இறங்கி, கிடைத்த தண்ணீரிலும் ஃபுளோரைடு ஏறியது.

2003 முதல் 2006 வரை ஜோதிகிராம் திட்டத்தில் விவசாய மின்தொடரைத் தனியாகப் பிரித்து, நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வரையறுத்தார்கள். வீட்டுக்கு இருபத்து நாலு மணி நேர மின்சாரம் வந்தது பெரிய நன்மை. மோட்டார் ஓடும் நேரத்துக்கும் ஒரு வரம்பு வந்தது. ஆனால் கிணற்றுக்காரர் தனக்கு எடுத்துக்கொண்டபின் விற்க மிச்சம் குறைந்தது. அடி விழுந்தது தண்ணீர் வாங்கிப் பயிரிட்ட சிறு விவசாயிக்குத்தான் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த மூன்றாவது ஆள், இங்கேயும் அவரே!

பட்டேலுக்குப் பதில்

எங்கள் சமண நெறியில் இல்லறத்தார்க்கு ஐந்து விரதங்கள். அதில் ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. பொருளே வேண்டாம் என்பது துறவிக்கு. இல்லறத்தான் வியாபாரம் செய்யலாம், சம்பாதிக்கலாம். ஆனால் இவ்வளவுக்கு மேல் எனக்கு வேண்டாம் என்று வரம்பைத் தானே முதலில் கட்டிக்கொள்ள வேண்டும். முதலில் வரம்பு, பிறகு வியாபாரம். தண்ணீர்ச் சந்தை சரியாக நடந்த இடத்திலெல்லாம் இந்த வரிசை இருக்கிறது. கெட்ட இடத்தில் வரிசை மாறியிருக்கிறது. நூல்களைப் புரட்டி நான் கண்டது இவ்வளவே.

போன மாதம் உஞ்சாவுக்குப் போனபோது பட்டேலிடம் சொன்னேன்: "வித்தது பாவமில்ல பாய். இருப்பு எவ்வளவுன்னு பார்க்காம வித்தது தப்பு. அதுவும் உங்க ஒருத்தர் தப்பு இல்ல, ஊரே சேர்ந்து செஞ்சது." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சூரத்துக்குப் போனவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இறங்கிப்போன அந்தக் கிணற்றில் மழைநீரை இறக்குவதற்குப் பங்காளிகளைக் கூப்பிட்டுப் பேசப்போவதாகச் சொன்னார். வடிகட்டும் தொட்டிக்கு ஆகும் செலவில் என் பங்கையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இதை வாசிக்கும் நம் குடும்பங்களில் பலரும் அடுக்ககத்தில் இருக்கிறோம். அடியில் ஆழ்துளைக் கிணறு, வாசலில் தண்ணீர் லாரி. லாரித் தண்ணீர் எந்த ஊர்ப் பெட்டியிலிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. குறைந்தபட்சம் நம் கிணற்றின் நீர்மட்டத்தை மழைக்கு முன்னும் பின்னும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். மொட்டை மாடித் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் நிலத்துக்குள் இறக்கலாம். நம் சங்கத்துப் பிள்ளைகள் இந்த ஆண்டு பத்துக் கட்டடங்களுக்காவது அளவெடுக்க முன்வந்தால், நோட்டு வாங்கித்தருவது என் பொறுப்பு.